லண்டன் ஏ/எல் உளவியல்: புள்ளி கசிகிற இடங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து டியூஷன் வகுப்புகளில் உளவியலைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: "வாசிச்சாலே போதும், கதை மாதிரி இருக்கும்." வாசிக்கக் கதை மாதிரித்தான் இருக்கும். சுவருக்கு அப்பால் கத்துகிற மனிதர், பொம்மையைப் போட்டு அடிக்கிற பிள்ளைகள், பொத்தானைக் கண்டால் நடுங்குகிற பையன் என்று பாடம் முழுக்க ஆட்கள். ஆனால் பெறுபேறு வரும் நாளில் கதையெல்லாம் தலைகீழாகத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு சி வந்திருக்கும். பக்கத்து மேசைப் பிள்ளை கதையை அரைகுறையாகச் சொன்னாலும் ஏ எடுத்திருக்கும். வினாத்தாள் கேட்பது அளந்த விதத்தை: யாரை, எத்தனை பேரை, எதை வைத்து அளந்தார்கள், அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாடத்தின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

எந்தப் பரீட்சை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளூர் உயர்தரத்தில் உளவியல் தனிப்பாடமாக இல்லை. ஓரளவு கிட்ட வருவது அளவையியலும் விஞ்ஞானமுறையும். ஆகவே கொழும்பில் பாடசாலை வயதில் உளவியல் படிக்கிறவர் பெரும்பாலும் லண்டன் ஏ/எல் எடுக்கிற பிள்ளை, அதாவது கேம்பிரிட்ஜ் (பாடத்திட்ட இலக்கம் 9990) அல்லது பியர்சன் எடெக்ஸல். தனிப் பரீட்சார்த்திகள் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகப் பதியலாம். வீட்டில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கதைத்து வைப்பது நல்லது. அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர்தரத்தின் இசட் புள்ளியில் நடக்கிறது; லண்டன் பெறுபேறு அந்த வழிக்குப் பொதுவாக உதவாது.

கேம்பிரிட்ஜ் 9990இல் முதல் வருடத்துக்கு இரண்டு வினாத்தாள், இரண்டாம் வருடத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், 60 புள்ளி. முதல் வருடம் 12 ஆய்வுகளில் நிற்கிறது: உயிரியல், அறிகை, கற்றல், சமூகம் என்ற நான்கு அணுகுமுறைக்கும் மும்மூன்று. எடெக்ஸல் வேறு விதம். அங்கே முதல் அலகில் சமூக உளவியலும் அறிகை உளவியலும், இரண்டாவதில் உயிரியலும் கற்றலும் வரும். பிள்ளைகள் தாமே செய்த சிறு ஆய்வுகளைப் பற்றியும் அதில் கேள்வி வரும்.

கைமாறி வருகிற நோட்ஸில் ஒரு பொறி இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் 2024 பரீட்சையிலிருந்து மாறியது. அக்கா அண்ணாமாரிடம் வாங்கிய போட்டோகொப்பியில் பெப்பர்பேர்க்கின் கிளி, யமமோட்டோவின் சிம்பன்சிகள், கான்லியின் மூளைப் படங்கள், லேனியின் பொய்யான ஞாபகங்கள் இருந்தால் அது பழைய திட்டத்துக்கு எழுதியது. அவற்றின் இடத்தில் ஃபேகனின் யானைகள், ஹாசெட்டின் குரங்குகள், ஹோல்ட்செலின் தியான ஆய்வு, பொசுலோவின் அடையாள அணிவகுப்பு, பெரியின் தனிவெளி ஆய்வு ஆகியவை வந்தன. மில்கிராம், பண்டுரா, பிலியாவின், அன்ட்ராட் போன்றவை இரண்டிலும் உண்டு என்பதால் நோட்ஸ் சரியானது போலவே தோன்றும். தமது பரீட்சை ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தை இணையத்தில் இறக்கி, நோட்ஸின் தலைப்புகளை அதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட அரை மணித்தியாலம் கூடப் போகாது.

ஒரு ஆய்வை உரித்துப் பார்ப்பது

பெரும்பாலான வகுப்புகள் முதல் ஆய்விலிருந்து தொடங்கி வரிசையாகப் போகும், ஆய்வுமுறை கடைசியில் வரும். இது தலைகீழ். முதல் மூன்று கிழமையை ஆய்வுமுறைக்குக் கொடுத்துவிட வேண்டும். சாரா மாறி (ஆய்வாளர் மாற்றுவது), சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது), கட்டுப்பாடு, மாதிரி எடுக்கும் விதம், ஒரே ஆட்களா வெவ்வேறு ஆட்களா என்ற வடிவமைப்பு, பிறகு அறநெறி. இவை கைக்கு வந்தபின் 12 ஆய்வும் ஒரே கேள்விகளுக்கு வேறு வேறு பதில்களாகத் தெரியும்.

பிலியாவினை எடுத்துக்கொள்வோம். கதையாகச் சொன்னால், நியூயோர்க் சுரங்க ரயிலில் ஒருவர் விழுகிறார், யார் உதவுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். இந்த வாக்கியத்துக்குப் புள்ளி மிகக் குறைவு. உரித்தால் உள்ளே இருப்பது இது: 1969இல் வெளியான கள ஆய்வு. 59ஆம் வீதிக்கும் 125ஆம் வீதிக்கும் இடையில் ரயில் சுமார் ஏழரை நிமிடம் நிற்காமல் ஓடும். வார நாள்களில் காலை 11க்கும் பிற்பகல் 3க்கும் இடையில் நடத்தினார்கள். தெரியாமலே பங்குகொண்ட பயணிகள் சுமார் 4,450 பேர். நான்கு பேர் கொண்ட மாணவர் குழுக்கள். இரு பெண்கள் அவதானிப்பார்கள், ஓர் ஆண் விழுவார், இன்னோர் ஆண் முன்மாதிரியாக உதவுவார். ரயில் புறப்பட்டு சுமார் 70 விநாடியில் விழுகை. விழுகிறவர் கையில் ஊன்றுகோல் இருக்கும், அல்லது மதுவாடை வீசும், கையில் கடதாசிப் பையில் போத்தல் இருக்கும். இது ஒரு சாரா மாறி. விழுகிறவரின் நிறம் இன்னொன்று. முன்மாதிரி தலையிடாத நிலையில் ஊன்றுகோல்காரருக்கு 65 தடவையில் 62 தடவை உதவி தானாக வந்தது. குடிகாரருக்கு 38 தடவையில் 19.

அந்த 65உம் 38உம் ஏன் சமமாக இல்லை? நிறையப் பிள்ளைகள் கேட்காமலே கடந்துபோகிற இடம் இது. ஒரு குழுவில் விழுகிற மாணவருக்குக் குடிகாரராக நடிப்பது பிடிக்காமல், திட்டத்தை மாற்றி ஊன்றுகோலோடு விழுந்தார். களத்தில் கட்டுப்பாடு எப்படிக் கைநழுவுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடத்திட்டத்துக்குள் கிடையாது. மதிப்பீட்டுக் கேள்வியில் இதை எழுதுகிற பிள்ளை தனித்துத் தெரியும்.

அடுத்து இதையே இங்கே கொண்டுவந்து பார்க்கலாம், கடதாசியில் மட்டும். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிற கரையோர ரயிலில் இந்த ஆய்வைத் திட்டமிடச் சொன்னால் என்ன கெடும்? கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை ரயில் நிற்கும். ஆள் இறங்கும், ஏறும். உதவாதவர் உதவ மனமில்லாமல் விலகினாரா, தன் தரிப்பில் இறங்கினாரா என்று பிரிக்க முடியாது. நியூயோர்க்கில் ஏழரை நிமிடம் கதவு திறக்காததுதான் அந்த ஆய்வின் உயிர். அலுவலக நேர ரயிலில் ஆள்மேல் ஆள் நிற்பதால், விழுந்தவருக்கு அருகில் எத்தனை பேர் என்று எண்ணவும் முடியாது. சம்மதம் கேட்கவில்லை, முடிந்தபின் விளக்கவும் இல்லை, பார்த்தவர்கள் கலங்கியிருப்பார்கள் என்ற அறச்சிக்கல்கள் இரண்டு இடத்துக்கும் பொது. இப்படி ஒரு மாலை செலவழித்த பிள்ளைக்கு 'ஒரு கள ஆய்வைத் திட்டமிடுக' என்ற கேள்வி பயம் தராது.

ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு சிறிய அட்டை போதும். எங்கே, எப்போது, யார், எத்தனை பேர், எப்படித் திரட்டினார்கள், சாரா மாறி, சார்ந்த மாறியை எண்ணாக்கிய விதம், முக்கியமான இரண்டு எண்கள், ஒரு பலம், ஒரு பலவீனம். அட்டையில் இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும், கதையை எழுதி நிரப்ப வேண்டாம்.

மதிப்பீடு என்ற பெயரில் எழுதும் பொதுவசனம்

அதிகமாகப் புள்ளி போவது இங்கேதான். வகுப்பில் கிரேவ் என்று ஒரு சுருக்கம் சொல்லிக்கொடுப்பார்கள்: பொதுமைப்படுத்தல், ரிலயபிலிட்டி (அதே முறையில் திரும்பச் செய்ய முடியுமா), பயன்பாடு, வலிடிட்டி (அளக்க நினைத்ததையே அளந்தார்களா), அறநெறி. சுருக்கத்தில் பிழையில்லை. பிழை, ஐந்து தலைப்புக்கும் ஐந்து ஆயத்த வசனத்தைப் பாடமாக்கி எல்லா ஆய்வுக்கும் ஒட்டுவது. "மாதிரி சிறியது, ஆகவே பொதுமைப்படுத்த முடியாது." "ஆய்வுகூடத்தில் நடந்தது, ஆகவே இயல்பானதல்ல." திருத்துகிறவர் இவற்றை அன்றைய தினம் ஆயிரம் தடவை பார்த்திருப்பார்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. எழுதிய வசனத்தில் ஆய்வாளரின் பெயரை விரலால் மறையுங்கள். மிச்சம் வேறொரு ஆய்வுக்கும் பொருந்துகிறதா? பொருந்தினால் அந்த வசனம் இன்னும் எழுதி முடியவில்லை.

கட்டளையிட்டால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராம் 1963ஐப் பற்றி எழுதும்போது மாதிரி சிறியது என்று நிறுத்தாமல் இப்படி எழுதலாம்: 40 பேரும் நியூ ஹேவன் சுற்றுவட்டத்தைச் சேர்ந்த 20 முதல் 50 வயது வரையான ஆண்கள், விளம்பரம் பார்த்துத் தாமாக வந்தவர்கள், ஆகவே 26 பேர் 450 வோல்ட் வரை போனதை வைத்துப் பெண்களும் அதே 65 வீதம் கீழ்ப்படிவார்கள் என்று சொல்ல முடியாது. அறநெறிக்கு 'மீறினார்' என்ற ஒரு சொல் போதாது. "நீங்கள் தொடர வேண்டும்" என்ற தூண்டு வசனங்கள் விலகும் உரிமையை மங்கலாக்கின, பங்குபற்றியவர்கள் வியர்த்தார்கள், நடுங்கினார்கள், மூவருக்கு வலிப்புப் போல வந்தது என்று ஆய்வுக்குள் இருந்தே சான்றை எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. யாருக்கும் உண்மையான மின்னதிர்ச்சி போகவில்லை (மாதிரிக்காகப் பங்குபற்றுநருக்குக் கொடுத்த 45 வோல்ட்டைத் தவிர), முடிவில் உண்மையைச் சொன்னார்கள்.

பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளும் அப்படிச் செய்வார்களா என்று பார்த்த பண்டுரா 1961இல் 36 ஆண், 36 பெண் பிள்ளைகள். வலிடிட்டிக்கு எழுதக்கூடிய வலுவான விஷயம், பிள்ளைகளின் இயல்பான மூர்க்கத்தை முன்கூட்டியே மதிப்பிட்டுக் குழுக்களைச் சமப்படுத்தினார்கள் என்பது. ரிலயபிலிட்டிக்கு, 20 நிமிட அவதானத்தை 5 விநாடித் துண்டுகளாக வெட்டி 240 தடவை பதிந்தார்கள். இந்த எண்ணைச் சொல்லி, 'இன்னொருவர் அதே முறையில் அதே பதிவைச் செய்யலாம்' என்று முடித்தால் முழுப்புள்ளி. அன்ட்ராட் 2010இல் 40 பேர். கட்டங்களை நிழலிட்டுக்கொண்டு சலிப்பூட்டும் இரண்டரை நிமிடத் தொலைபேசிச் செய்தியைக் கேட்டவர்கள் 29 வீதம் கூடுதலாக நினைவுபடுத்தினார்கள். வகுப்பில் கொப்பி ஓரத்தில் கிறுக்குவதற்கு இதைச் சாட்டாகச் சொல்லாத பிள்ளை கிடையாது. ஆனால் அந்த ஆய்வு பாடம் படிப்பதைப் பற்றியதல்ல. பார்ட்டிக்கு வருகிறவர்களின் பெயர்களும் சில இடப்பெயர்களும்தான் கேட்கப்பட்டன. இதையே மதிப்பீடாக எழுதலாம்.

குழம்புகிற சோடிகள்

எதிர்மறை மீளவலியுறுத்தலையும் தண்டனையையும் குழப்பாத பிள்ளை அருமை. 'எதிர்மறை' என்றவுடன் தண்டனை என்று கை எழுதிவிடும். இரண்டு கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் போதும். நடத்தை கூடியதா குறைந்ததா? கூடினால் மீளவலியுறுத்தல், குறைந்தால் தண்டனை. ஏதாவது சேர்ந்ததா அகன்றதா? சேர்ந்தால் நேர், அகன்றால் எதிர். இரவில் நுளம்பு கடிக்கிறது, திரி கொளுத்துகிறோம், கடி நிற்கிறது. அடுத்த இரவு இன்னும் நேரத்தோடு கொளுத்துவோம். கடி அகன்றது, கொளுத்துவது கூடியது: எதிர்மறை மீளவலியுறுத்தல். அம்மாவின் ஏச்சு, பிள்ளை புத்தகத்தைத் தூக்கியவுடன் நின்றால் அதுவும் இதே வகை. அந்த ஏச்சால் பிள்ளை போனைத் தொடுவது குறைந்தால், போன் பக்கத்தில் அது தண்டனை. ஒரே சம்பவம், எந்த நடத்தையைப் பார்க்கிறோம் என்பதில் பெயர் மாறுகிறது. இதைச் சொல்லாமல் உதாரணம் மட்டும் எழுதினால் திருத்துகிறவருக்குச் சந்தேகம் வரும்.

முதனிலை, துணைநிலை மீளவலியுறுத்திகளுக்கு ஃபேகனின் 2014ஆம் ஆண்டு ஆய்வு வசதியானது. நேபாளத்தில் ஐந்து பெண் யானைகளுக்குத் தும்பிக்கை கழுவும் நடைமுறையைப் பழக்கினார்கள். வாழைப்பழத் துண்டு முதனிலை, விசில் துணைநிலை. விசில் ஒன்றும் இனிப்பான பொருளல்ல. பழத்தோடு சேர்ந்து சேர்ந்துதான் அதற்கு மதிப்பு வந்தது. இளம் யானைகள் நான்கும் தேறின, வயதான யானை தேறவில்லை. வயதா காரணம், வேறேதுமா என்று ஒரே யானையை வைத்துச் சொல்ல முடியாது. இதுவும் எழுதத் தகுந்த புள்ளி.

மற்றச் சோடிகளுக்கு இவ்வளவு நேரம் தேவைப்படாது. எழுமாற்று மாதிரியும் எழுமாற்று ஒதுக்கீடும் வேறு: முதலாவது ஆளை ஆய்வுக்குள் எடுப்பது, இரண்டாவது எடுத்த ஆளை எந்த நிலைக்குப் போடுவது. கருதுகோளில் 'பாதிக்கும்' என்று மட்டும் எழுதினால் திசை இல்லை. 'கூடுதலாக', 'குறைவாக' என்றால் திசை உண்டு. இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்று மட்டும் பார்க்கும் தொடர்பு ஆய்வுக்குச் சாரா மாறி என்று எழுதினால் அந்த இடத்திலேயே புள்ளி போய்விடும். அங்கே இரண்டு இணைமாறிகள்தான்.

தமிழில் ஒரு நினைவுப் பரிசோதனை

எடெக்ஸல் பிள்ளைகள் அறிகைப் பகுதிக்கு ஒரு பரிசோதனை செய்ய வேண்டும். வழக்கமான தெரிவு, ஒலி ஒத்த சொற்கள் குறுங்கால நினைவைக் குழப்புகின்றனவா என்று பார்ப்பது. பாட்லி 1966இல் காட்டிய விளைவு இது. பங்குபற்றுகிறவர்கள் தமிழில் வேகமாக வாசிக்கிறவர்களாக இருந்தால் தமிழிலேயே செய்யலாம். ஆனால் பாட்லியின் சொற்பட்டியலை மொழிபெயர்த்தால் பரிசோதனை செத்துவிடும். மேன், கெட், மெட், மெப், கெப் என்ற சொற்கள் மனிதன், பூனை, பாய், வரைபடம், தொப்பி ஆகும்போது ஒலி ஒற்றுமை போய்விடும், நீளமும் தாறுமாறாகும். பட்டியலைத் தமிழிலேயே கட்ட வேண்டும்.

ஒலி ஒத்தவை: கல், பல், நெல், வில், புல், சொல், கால். ஒலி ஒவ்வாதவை: மீன், தேர், பூ, கை, தோள், ஈ, நாய். இரண்டிலும் எல்லாம் ஓரசைச் சொற்கள், எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்தவை. ஒரு பட்டியலில் மட்டும் அருஞ்சொல் கலந்தால், வித்தியாசம் ஒலியால் வந்ததா பழக்கமின்மையால் வந்ததா என்று தெரியாது.

ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஐந்து சொல்லாக எடுத்து, ஒழுங்கை மாற்றி மாற்றி ஆறு தொடர் அமைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நிலையில் 30 புள்ளி வரை எடுக்கலாம். சரியான இடத்தில் எழுதிய சரியான சொல்லுக்கு ஒன்று. பத்துச் சொல்லை ஒரே தடவை காட்டி முடிப்பது பலரும் செய்கிற குறுக்குவழி. அதில் எல்லோரும் நான்கைந்து சொல்லோடு நின்றுவிடுவார்கள், இரு நிலைக்கும் இடையில் வித்தியாசம் தெரியாது.

சொற்களை வாசித்துக் காட்டாமல் திரையில் காட்டுவது நல்லது. காலி வீதிப் பக்கத்து வீட்டில் 100, 101 பஸ்ஸின் ஹோர்னுக்கு நடுவில் 'பல்' என்று சொன்னது 'கல்' என்று கேட்கும். காது விட்ட பிழையும் நினைவு விட்ட பிழையும் விடைத்தாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். பவர்பொயின்டில் ஒரு சிலைட்டுக்கு ஒரு சொல், விநாடிக்கு ஒன்று தானாக மாறுகிற மாதிரி வைத்து, ஐந்தாவதற்குப் பின் வெற்றுச் சிலைட் 20 விநாடி. அந்த நேரத்தில் எழுத வேண்டும். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தயாரித்ததை வேறு கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும், ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்தபின்தான் அது தெரியும். விடைத்தாளில் தொடருக்கு ஐந்து கோடு போட்டு, மறந்த இடத்தில் குறுக்குக் கோடு இடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது சொல்லை இரண்டாவது கோட்டில் எழுதிவிடுவார்கள், திருத்தும்போது அதுவே தலையிடி. பக்கத்துக் 'கொமியுனிகேஷன்' கடையில் கறுப்பு வெள்ளைப் பிரின்ட் போதும்.

ஒரே ஆட்கள் இரண்டு நிலையிலும் வருவதால் பத்துப் பேர் இருந்தால் வேலை நடக்கும். ஐந்து பேர் ஒலி ஒத்த பட்டியலை முதலில், மற்ற ஐந்து பேர் பிறகு. எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு கொடுத்தால் இரண்டாவது நிலையில் களைப்போ பழக்கமோ கலந்துவிடும். 16 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கையை எடுத்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஒரே டியூஷன் வகுப்பில் பிடித்த பத்துப் பேர் வசதி மாதிரி, அதாவது கைக்கு எட்டியவர்களை எடுத்தது. அதை எழுமாற்று என்று எழுதக்கூடாது, எவ்வளவு 'யாரையும் தெரிவு செய்யவில்லை' என்று தோன்றினாலும். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஆங்கில மூலப் பிள்ளைகள் கொழும்பில் நிறைய. விநாடிக்கு ஒரு சொல் அவர்களுக்குப் போதாது, ஆகவே முதலிலேயே ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்குக்கு வில்கொக்சன், அதாவது ஒரே ஆட்களின் இரு நிலைப் புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்க்கும் சோதனை. ஒரு கற்பனை உதாரணம்: ஒவ்வாத பட்டியலின் புள்ளியிலிருந்து ஒத்த பட்டியலின் புள்ளியைக் கழிக்க வந்த வித்தியாசங்கள் 7, 5, 9, −1, 4, 6, 3, 8, 5, 2 என்று வைப்போம். குறியை மறந்து சிறியதிலிருந்து தரமிட வேண்டும். 1க்குத் தரம் 1, 2க்கு 2, 3க்கு 3, 4க்கு 4. இரண்டு 5கள் ஐந்தாம் ஆறாம் இடத்தைப் பங்குபோடுவதால் இரண்டுக்கும் 5.5. பிறகு 7, 8, 9, 10. எதிர்க்குறித் தரங்களின் கூட்டு 1, நேர்க்குறியின் கூட்டு 54. இரண்டும் சேர்ந்து 55 வர வேண்டும். பத்துப் பேருக்கு எப்போதும் 55தான். வராவிட்டால் தரமிட்டதில் பிழை. சிறிய கூட்டான 1ஐ எடுத்து அட்டவணையைப் பார்க்க வேண்டும். பத்துப் பேருக்கு இருமுனைச் சோதனையில் (வித்தியாசம் எந்தத் திசையிலும் வரலாம் என்று வைத்தால்) 0.05 மட்டத்தில் அவதிப் பெறுமானம், அதாவது ஒப்பிட வேண்டிய எல்லை எண், 8. நமது 1 அதைவிடக் குறைவு, ஆகவே பொருண்மையானது: தற்செயல் என்று தள்ள முடியாது. யாருக்காவது வித்தியாசம் பூச்சியம் வந்தால் அவரை நீக்கி, அட்டவணையில் ஒன்பது பேருக்கான வரிசைக்குப் போக வேண்டும்.

அட்டவணையில் கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுவது. வில்கொக்சன், வெவ்வேறு ஆட்களை ஒப்பிடும் மான்-விட்னி இரண்டுக்கும் கணித்த பெறுமானம் அவதிப் பெறுமானத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். தொடர்பை அளக்கும் ஸ்பியர்மன் ரோவுக்கும், வகைகளின் எண்ணிக்கையை ஒப்பிடும் கை-ஸ்குவெயருக்கும் மறுதலை. ரோ, ஸ்குவெயர் இரண்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஆர் உண்டு. ஆர் இருந்தால் 'கிரேட்டர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

படிப்பது, எழுதுவது

நினைவைப் பற்றிப் படிக்கிற பாடத்தையே மஞ்சள் ஹைலைட்டரால் பூசிப் படிப்பது கொஞ்சம் வேடிக்கை. ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் காட்டியது இது: ஒரு பந்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் 81 வீதம் சொன்னார்கள், வாசித்தபின் தம்மையே சோதித்தவர்கள் 75 வீதம். ஒரு கிழமை கழித்து நிலைமை புரண்டது: திரும்ப வாசித்தவர்கள் 42, சோதித்தவர்கள் 56. திரும்ப வாசிப்பது அன்றிரவு நம்பிக்கை தரும், பரீட்சைக்குத் தராது. ஆகவே அட்டையைப் பார்க்காமல் வெற்றுத் தாளில் எண்களை எழுதி, பிறகு அட்டையோடு ஒப்பிட வேண்டும். அடுத்த நாள், மூன்றாம் நாள், அடுத்த கிழமை என்று இடைவெளி விட்டுத் திரும்பவும்.

வீட்டில் தமிழ், பரீட்சை ஆங்கிலம் என்ற பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் யோசித்து விளங்கிக்கொள்வதில் ஒரு நட்டமுமில்லை. தம்பிக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க முடிந்தால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அட்டையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், விடை எழுதிப் பழகுவதும் ஆங்கிலத்தில்தான். தொழில்நுட்பச் சொல் பரீட்சை மண்டபத்தில் முதல் தடவை கைக்கு வரக்கூடாது.

60 புள்ளிக்கு 90 நிமிடம் என்றால் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். இரண்டு புள்ளிக் கேள்விக்கு அரைப் பக்கம் எழுதுகிற நல்ல பிள்ளைகளுக்குக் கடைசிக் கேள்வி அரைகுறையாகும். பெரிய மதிப்பீட்டுக் கேள்விக்கு முதல் ஒரு நிமிடத்தில் ஓரத்தில் நான்கு சொல் குறித்துவிட்டு எழுத வேண்டும். ஒரு பலத்தை விவரமாகச் சொல்லி, அதற்கு எதிர்வாதத்தையும் வைத்தால் அது இரண்டு பலவீனத்தைச் சும்மா பெயர் சொல்வதைவிட மேல்.

வகுப்புக்கு வெளியே

உளநோய்ப் பகுதி தொடங்கியவுடன் ஒன்று நடக்கும். வகுப்பில் பாதிப் பேர் தமக்கு மனச்சோர்வு என்று முடிவு செய்வார்கள், மீதிப் பேர் தம் மாமாவுக்குப் பெயர் வைப்பார்கள். உளநோய்களை இனங்காணும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இன்படி பெரும் மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, அதே இரண்டு கிழமைக்குள், பெரும்பாலும் தினமும் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது சோர்ந்த மனநிலையாக அல்லது எதிலும் நாட்டமின்மையாக இருக்க வேண்டும். அதோடு கடும் மனவேதனை இருக்க வேண்டும் அல்லது அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், வேறு நோயோ மருந்தோ காரணமாக இருக்கக்கூடாது. பட்டியலில் இரண்டு பொருந்துவதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. அதைப் பிரிக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

"உளவியல் படிக்கிறாய்தானே" என்று நண்பர்கள் கதைக்க வருவதும் உண்டு. கேட்கலாம், கேட்டதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆலோசனை சொல்லத் தேவையில்லை, நோய்க்குப் பெயர் வைக்கவே கூடாது. தன்னையே காயப்படுத்தும் பேச்சு வந்தால் மட்டும் இரகசியம் காக்கக்கூடாது. வீட்டிலோ பாடசாலையிலோ நம்பகமான பெரியவர் ஒருவருக்குத் தெரிய வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926, எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். அந்த நிறுவகம் இருப்பது அங்கொடையில். "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று பகிடியாகச் சொல்கிற ஊர் இது. உளவியல் வகுப்பிலும் அந்தப் பகிடி கேட்கும். மனநோய் பற்றிய இழிவுப் பார்வை உதவி தேடுவதைத் தடுக்கிறது என்று உதாரணத்தோடு எழுதச் சொன்னால், எல்லோரும் அமெரிக்காவைத் தேடிப் போவார்கள். இந்த ஒரு வசனத்தை எடுத்து, அதைக் கேட்கிற வீட்டில் ஒருவர் வைத்தியரிடம் போக ஏன் ஒரு வருடம் பிந்தும் என்று விளக்கினால் விடை அங்கேயே இருக்கிறது.